ஊர்க் கடைக்கு ஸ்வைப் மெஷின் இனியும் தேவையா? ரூபே, யுபிஐ, எம்டிஆர் பற்றிய விவாதம்

தெம்பனிஸ் கதிர்

சிங்கப்பூரில் இருந்தபடியே ஊரில் உள்ள குடும்பக் கடைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. தஞ்சாவூரில் ஒரு துணிக்கடை, ஆண்டு விற்பனை சுமார் ஒரு கோடியே இருபது லட்சம். கல்லாவில் ஒரு க்யூஆர் அட்டையும் வங்கி கொடுத்த ஸ்வைப் மெஷினும் இருக்கின்றன. மெஷினுக்கு மாத வாடகை உண்டு, கார்டு தேய்க்கும்போதெல்லாம் பிடித்தமும் உண்டு. க்யூஆரில் வரும் பணம் முழுசாக வருகிறது. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இன்னொன்று. சில மாதங்களாக க்யூஆர் வழியாக வரும் சில தொகைகளிலும் பிடித்தம் தெரிகிறது. போனிலிருந்து நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் யுபிஐக்குக் கட்டணமே இல்லை என்றார்களே, இது எங்கிருந்து வருகிறது?

சிராங்கூன் நிலா

கதிர், இரண்டாவது கேள்விக்குப் பதில் முதலில். பிடித்தம் விழுந்த தொகைகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். எல்லாமே 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், அவை ரூபே (விசா போன்ற இந்தியக் கார்டு வலையமைப்பு) கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்தவர்கள் கட்டியவையாக இருக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் இதற்கு அனுமதி கொடுத்தது, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வது அதே க்யூஆரைத்தான். ஆனால் பணம் அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து வராமல் கடன் வரம்பிலிருந்து வருகிறது. சிறு வணிகர்களுக்கு 2,000 வரை விலக்கு, அதற்கு மேல் கிரெடிட் கார்டுக்கான கட்டணம். ப்ரீபெய்ட் வாலட்டிலிருந்து 2,000க்கு மேல் வரும் தொகையிலும் வங்கிகளுக்கிடையே கட்டணம் உண்டு.

இப்போது முழுக் கணக்கு. கடைக்காரர் தருகிற கட்டணத்தின் பெயர் எம்டிஆர். இதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். மெஷின் வைத்த வங்கிக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கும் மிச்சம். உங்கள் கடையில் 5,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்கினால்:

யுபிஐ, சேமிப்புக் கணக்கிலிருந்து: கைக்கு 5,000.
ரூபே டெபிட்: 5,000. யுபிஐ, ரூபே டெபிட் இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம்.
விசா அல்லது மாஸ்டர் டெபிட்: ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேல் உள்ள கடை என்பதால் 0.90 விழுக்காடு உச்சவரம்பு. 45 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 8.10 ரூபாயும் போனால் 4,946.90.
கிரெடிட் கார்டு, 2 விழுக்காடு என்று ஒப்பந்தம் இருந்தால்: 100 ரூபாயும் ஜிஎஸ்டி 18 ரூபாயும் போக 4,882.

டெபிட்டுக்கான உச்சவரம்பு 2018 ஜனவரியிலிருந்து இருப்பது. 20 லட்சத்துக்குள் விற்கும் சிறு கடைக்கு 0.40 விழுக்காடு, ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. பெரிய கடைக்கு 0.90, அதிகபட்சம் 1,000. கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை, அதனால் பேரம் பேசலாம். பேசாத கடைக்காரர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கடை கம்போசிஷன் திட்டத்தில் (சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இல்லாவிட்டால். 2,000 ரூபாய்க்குள் உள்ள கார்டு பில்லுக்கு எம்டிஆர் மேல் ஜிஎஸ்டி கிடையாது.

உட்லண்ட்ஸ் ரவி

இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகு முடிவு சுலபம்தானே? மெஷினைக் கொடுத்துவிட்டு க்யூஆரோடு இருங்கள். 2023 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் அதுவே 2,000 கோடி. இளநீர் வண்டியில்கூட ஸ்கேன் பண்ணுகிறார்கள். கார்டு என்பது இந்தியாவில் கடந்துபோன கட்டம். கட்டணம் இல்லாமல் அரசாங்கம் ஒரு பாதை போட்டுக் கொடுத்திருக்கும்போது கடைக்காரர் ஏன் வங்கிக்கு வாடகை கட்ட வேண்டும்?

சிராங்கூன் நிலா

ரவி அண்ணே, இளநீர் வண்டிக்குச் சரி, துணிக்கடைக்குச் சரியில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பத்தின் பில் எவ்வளவு வரும்? யுபிஐக்குப் பொதுவான உச்சவரம்பு ஒரு லட்சம். புதிதாகச் செயலியில் பதிந்தவருக்கும் போனை மாற்றியவருக்கும் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்தான் போகும். ஆடி மாதம், தீபாவளிக்கு முந்தைய வாரம் என்று கடை நிறைந்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளரின் வங்கிச் சர்வர் படுத்துவிட்டால், அவரிடம் இருக்கும் இன்னொரு வங்கியின் கார்டுதான் அந்த விற்பனையைக் காப்பாற்றும். மாதத் தவணையில் வாங்குகிறவர்களுக்கும் மெஷின் வேண்டும்.

கதிர், மெஷினை வைத்துக்கொள்ளுங்கள், வாடகையைக் குறையுங்கள். மாத கார்டு விற்பனை இவ்வளவைத் தாண்டினால் வாடகை தள்ளுபடி என்று எழுதி வாங்குங்கள், பல வங்கிகள் ஒத்துக்கொள்ளும். கட்டணத்தை மொத்தமாக ஒரே விழுக்காடாகக் காட்டினால் ஏற்க வேண்டாம். ரூபே டெபிட், மற்ற டெபிட், உள்நாட்டு கிரெடிட், வெளிநாட்டுக் கார்டு என்று நாலு வரியாகப் பிரித்துக் கேளுங்கள். வெளிநாட்டுக் கார்டுக்குப் பிடித்தம் எல்லாவற்றையும்விடக் கூடுதல். இங்கிருந்து போகிற சொந்தக்காரர்கள் சிங்கப்பூர்க் கார்டை நம் கடையிலேயே தேய்த்தால் நஷ்டம் நமக்குத்தான்.

புக்கிட் பாத்தோக் இளங்கோ

"கார்டு கடந்துபோன கட்டம்" என்று ரவி சொன்னதை ஒட்டி. டெபிட் கார்டின் பயன்பாடு ஏன் குறைந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மக்கள் அதை வேண்டாமென்று ஒதுக்கவில்லை.

ரூபே 2012இல் வந்தது. இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ நடத்தும் உள்நாட்டு வலையமைப்பு. 2014 ஆகஸ்ட் 28இல் ஜன்தன் திட்டம் தொடங்கியதும் வங்கிக் கணக்கே இல்லாதிருந்த கோடிக்கணக்கானவர்களின் கையில் ரூபே கார்டு வந்தது. விபத்துக் காப்பீடும் சேர்த்து. வழங்குகிற பக்கம் அவ்வளவு வேகம். ஏற்கிற பக்கம், அதாவது மெஷின் வைக்கிற பக்கம், நகரங்களைத் தாண்டவில்லை. ஒரு மெஷினுக்குச் சிம், பேட்டரி, பேப்பர் ரோல், பழுது பார்க்க ஆள் என்று வங்கிக்கு மாதாமாதம் செலவு. ஒரத்தநாட்டு மளிகைக் கடையில் நாளுக்கு நாலு கார்டு தேய்த்தால் அந்தச் செலவு எப்படி ஈடாகும்?

2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு மெஷின்கள் பெருகின. அதே ஆண்டு ஏப்ரலில் யுபிஐ வந்துவிட்டிருந்தது. அதற்கு மெஷினே வேண்டாம், அச்சடித்த ஒரு தாள் போதும். 2020இல் ரூபே டெபிட்டின் எம்டிஆரைப் பூஜ்யமாக்கியதும் கிராமத்தில் மெஷின் வைக்க வங்கிக்கு இருந்த கடைசிக் காரணமும் போனது. ஏழைகள் கையில் இருந்தது ரூபே. அந்த ரூபேக்குத்தான் வருமானம் இல்லை என்று ஆக்கினார்கள். கடைக்காரருக்குச் செய்த உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவியே கார்டை ஏற்கும் இடங்களை வளரவிடாமல் நிறுத்தியது.

அதன்பின் டெபிட் கார்டுக்கு மிஞ்சிய பெரிய வேலை இரண்டு. ஏடிஎம்மில் பணம் எடுப்பது. யுபிஐ பின் அமைக்கும்போது கார்டின் கடைசி ஆறு எண்ணையும் காலாவதி மாதத்தையும் கொடுப்பது. இரண்டாவதற்கும் ஆதார் ஓடிபி வழி வந்துவிட்டது.

உட்லண்ட்ஸ் ரவி

இளங்கோ சார், கட்டணம் 0.40 விழுக்காடாக இருந்தபோதும் ஒரத்தநாட்டு மளிகைக்கடை மெஷின் வாங்கவில்லையே. மெஷின் வாடகைதான் தடை, எம்டிஆர் இல்லை. அந்த வாடகையை ஒழித்தது யுபிஐ. ஜன்தன் கணக்கு வைத்திருப்பவருக்குக் கார்டுப் பயன்பாடு குறைந்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை, அதே கணக்கிலிருந்து ஸ்கேன் செய்கிறார். வங்கிகளின் வருமானம் போனதற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

புக்கிட் பாத்தோக் இளங்கோ

வாடகைதான் முதல் தடை என்பது சரி. சிறு ஊர்களில் மெஷினும் க்யூஆரும் வைக்க மானியம் தரும் நிதி ஒன்றை ரிசர்வ் வங்கி 2021இல் தொடங்கியதே அதனால்தான். ஆனால் வருத்தம் வங்கிக்காக இல்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்காக. ஜன்தன் கணக்குக்காரர்களில் சாதாரண போன் வைத்திருப்பவர்கள், பார்வை மங்கிய முதியவர்கள், வீட்டுக்கு ஒரே போன் உள்ள பெண்கள் இருக்கிறார்கள். கார்டும் பின்னும் அவர்களுக்குத் தனியாகச் சொந்தமான கருவி. ஏற்க இடம் இல்லாவிட்டால் ஏடிஎம் வரிசைதான். மற்ற வங்கி ஏடிஎம்மில் இலவச எண்ணிக்கை முடிந்தால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், 2025 மே முதல் 23 ரூபாய் வரை. கடைக்காரருக்கு மிச்சப்படுத்திய காசு இங்கே ஏழையிடம் வசூலாகிறது.

பூஜ்யக் கட்டணத்தை ஈடுகட்ட அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது. 2022-23க்கு ரூபே டெபிட்டையும் சிறுதொகை யுபிஐயையும் சேர்த்து 2,600 கோடி ஒதுக்கினார்கள். 2024-25க்கு 1,500 கோடி, அதுவும் சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய்வரை வரும் யுபிஐக்கு மட்டும், 0.15 விழுக்காடு. பரிவர்த்தனை பெருகிக்கொண்டே போக, 2022-23ஐவிட 2024-25க்கான தொகை குறைந்துவிட்டது. வரிப்பணத்தை நம்பி ஓடும் பாதைக்கு இது நல்ல அறிகுறி இல்லை.

பொங்கோல் மீனாட்சி

இதோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். யுபிஐயில் இணைக்க முடிவது ரூபே கிரெடிட் கார்டு மட்டும். விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. டெபிட்டில் விட்ட வருமானத்தை கிரெடிட் வழியாகத் திரும்பப் பிடிக்கும் முயற்சியாகவே இதை நான் பார்க்கிறேன். கிரெடிட் கார்டு எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. பெரிய எண்தான், ஆனால் டெபிட் கார்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஒரு பங்குகூட வருமா என்பது சந்தேகம். வளர இடம் இருப்பது அங்கேதான். பல வங்கிகள் ரூபே கிரெடிட்டை வாங்கச் சொல்லி வற்புறுத்துவதும் அதனால்தான்.

சந்தையைத் திருப்பிய இன்னொரு விஷயம் தரவு விதி. பணப் பரிவர்த்தனைத் தரவு முழுவதும் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்னது, ஆறு மாதக் கெடு. அதற்கு இணங்கவில்லை என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் இரண்டுக்கும் 2021 மே முதலும், மாஸ்டர்கார்டுக்கு 2021 ஜூலை 22 முதலும் புது வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை. மாஸ்டர்கார்டின் தடை நீங்கியது 2022 ஜூனில். ஆர்பிஎல் வங்கியின் கிரெடிட் கார்டுகள் எல்லாம் மாஸ்டர்கார்டில் இருந்தன, அவசரமாக விசாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே வலையமைப்பை நம்பினால் என்ன ஆகும் என்று எல்லா வங்கிகளும் அப்போது தெரிந்துகொண்டன.

2024 மார்ச்சில் வந்த உத்தரவு வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பயன்படும். கிரெடிட் கார்டு வாங்கும்போதோ புதுப்பிக்கும்போதோ எந்த வலையமைப்பு வேண்டும் என்று வங்கி கேட்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் கார்டு வழங்கிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஊரில் இருப்பவர்களுக்கு என் யோசனை: அன்றாடக் கடைகளுக்கு யுபிஐயில் இணைக்க ஒரு ரூபே, வெளிநாட்டு இணையதளத்துக்கும் பயணத்துக்கும் ஒரு விசா அல்லது மாஸ்டர்.

தெம்பனிஸ் கதிர்

மெஷின் விஷயம் தெளிவாகிவிட்டது, நன்றி. வாடகையை மட்டும் பேசச் சொல்கிறேன். கல்லாவில் இருக்கிற பையனுக்குக் கார்டு டிக்ளைன் ஆனால் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. மறுபடி மறுபடி தேய்க்கிறான். வாடிக்கையாளர் கோபப்பட்டுப் போய்விடுகிறார்.

சிராங்கூன் நிலா

மெஷின் சீட்டில் வரும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லாப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் போதும்.

51: கணக்கில் பணம் போதவில்லை. வேறு கார்டோ யுபிஐயோ கேட்கலாம், மறுபடி தேய்த்துப் பயனில்லை.
55: பின் தவறு. வாடிக்கையாளரே நிதானமாக மறுபடி அடிக்கட்டும். பையன் பின்னைக் கேட்கவே கூடாது.
75: பின் பலமுறை தவறாகிவிட்டது, கார்டு பூட்டிக்கொண்டது. விட்டுவிடுங்கள்.
54: கார்டு காலாவதி.
57: இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை. பெரும்பாலும் கார்டில் அந்த வசதி அணைந்திருக்கும். 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்முக்கும் மெஷினுக்கும் மட்டும் திறந்தபடி வருகின்றன. தட்டிப் பணம் கட்டுவது, இணையம், வெளிநாடு மூன்றையும் வங்கிச் செயலியில் உரியவர்தான் திறக்க வேண்டும். தட்டியபோது 57 வந்தால் சிப்பைச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் நடந்துவிடும்.
61: நாள் வரம்பு முடிந்தது.
91: கார்டு கொடுத்த வங்கி பதில் தரவில்லை. இதற்கு மட்டும்தான் ஐந்து நிமிடம் கழித்து மறுமுயற்சி பயன்படும்.
05: வங்கி மறுக்கிறது, காரணம் நமக்குச் சொல்லாது. வாடிக்கையாளர் வங்கிக்குத்தான் பேச வேண்டும்.

டிக்ளைன் என்று வந்தும் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்துவிட்டால் சண்டை வரும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராத கார்டு, யுபிஐ இரண்டுக்கும் அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும். சீட்டைக் கொடுத்து இதைப் பணிவாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று. கடை மூடும்போது மெஷினில் அன்றைய செட்டில்மெண்ட் போட வேண்டும், அதாவது அன்றைய கார்டுக் கணக்கை முடித்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். தானாகப் போகும்படி அமைத்திருந்தாலும், அந்த நேரத்தில் மெஷின் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ இருந்தால் போகாது. அந்த நாள் பணம் கணக்குக்கு வராமல் நிற்கும். தவறான தொகை தேய்த்துவிட்டால் செட்டில்மெண்டுக்கு முன் வாய்டு (ரத்து), பின்னால் ரீஃபண்டு (பணத்தைத் திருப்பித் தருவது). வாய்டு உடனே தீரும், ரீஃபண்டு வர நாளாகும்.

உட்லண்ட்ஸ் ரவி

இதற்கு நன்றி, உண்மையிலேயே அச்சடித்து ஒட்ட வேண்டியது. க்யூஆர் பக்கமும் சொல்கிறேன். பையனை வாடிக்கையாளரின் போன் திரையை நம்ப வைக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டும் மோசடி நிறைய. சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது கடைச் செயலியில் வரவு தெரிய வேண்டும். அப்புறம், கடை க்யூஆர் வணிகர் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். சில கடைகளில் முதலாளியின் சொந்தச் சேமிப்புக் கணக்கு க்யூஆரை ஒட்டியிருப்பார்கள். அதில் ரூபே கிரெடிட் கார்டு வேலை செய்யாது, தனிநபருக்குக் கிரெடிட் கார்டிலிருந்து அனுப்ப அனுமதி இல்லை.

கார்டு என்றால் இரண்டு விழுக்காடு கூடுதல் என்று டெபிட் கார்டுக்காரரிடம் வாங்க வேண்டாம். எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று 2017லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பொங்கோல் மீனாட்சி

நிலா அக்கா 57 பற்றிச் சொன்னது ஊரிலிருந்து இங்கே வரும் பெற்றோருக்கும் அப்படியே பொருந்தும். விமானம் ஏறும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பும் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ரூபே என்றால் எல்லாக் கார்டும் வெளிநாட்டில் ஓடாது. ஜன்தன் கணக்கோடு வந்த சாதாரணக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாட்டுக்கான ரூபே கார்டு டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் வலையமைப்பில் ஓடுகிறது, பின்புறம் அந்தச் சின்னங்கள் இருக்கும். இங்கே முஸ்தபா கடையில் பில் போடும் இடத்தில் நின்று கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நாம் ஊருக்குப் போகும்போது: சிங்கப்பூர் கார்டைத் தேய்த்து, மெஷின் சிங்கப்பூர் டாலரா ரூபாயா என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். டாலரைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை மெஷின்காரர் வைக்கிறார், அதில் நமக்கு நஷ்டம்.

தெம்பனிஸ் கதிர்

என்ஆர்இ கணக்கை (வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டு வருமானத்தை ஊரில் போட்டு வைக்கும் கணக்கு) சிங்கப்பூரின் +65 எண்ணோடு யுபிஐயில் இணைக்கலாம் என்கிறார்கள். அது நடக்கிறதா?

புக்கிட் பாத்தோக் இளங்கோ

நடக்கிறது. 2023 ஜனவரியில் என்பிசிஐ அனுமதித்த பத்து நாடுகளில் சிங்கப்பூரும் உண்டு. தடுக்கி விழும் இடங்கள் இவை. முதலில், வங்கியில் கணக்கோடு பதிந்த எண் அதே +65 எண்ணாக இருக்க வேண்டும். பழைய இந்திய எண் பதிந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். அடுத்து, உங்கள் வங்கியும் செயலியும் இரண்டுமே வெளிநாட்டு எண்ணை ஆதரிக்க வேண்டும். பதியும்போது போன் தானாக ஒரு குறுஞ்செய்தியை இந்தியாவுக்கு அனுப்பும். ப்ரீபெய்ட் சிம்மில் காசு இல்லையென்றாலோ வெளிநாட்டுக் குறுஞ்செய்தி தடுக்கப்பட்டிருந்தாலோ, காரணம் சொல்லாமல் பதிவு தோற்கும். இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தேர்ந்தாலும் அதேதான். பயணத்துக்கு முன் இங்கேயே, வைஃபையை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.

கடைக்குக் கட்ட என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) இரண்டும் ஆகும். ஆனால் ஊரில் ஒருவர் உங்களுக்குத் திருப்பித் தரும் ரூபாயை என்ஆர்இ கணக்கில் வாங்க முடியாது, இந்திய அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி. அதற்கு என்ஆர்ஓ. இங்கிருந்து குடும்பத்துக்கு அனுப்புவது என்றால் 2023 பிப்ரவரி 21இல் தொடங்கிய பேநவ்-யுபிஐ இணைப்பு தனி (பேநவ் என்பது சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை). நாளுக்கு 60,000 ரூபாய், அதாவது தொடங்கியபோது ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி என்ற வரம்போடு அது வந்தது.

தெம்பனிஸ் கதிர்

கடைசியாக ஒன்று. கார்டுச் சீட்டுகளை எத்தனை நாள் வைத்திருக்கச் சொல்வது? பையன் வாராவாரம் குப்பையில் போடுகிறான்.

சிராங்கூன் நிலா

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். "நான் வாங்கவில்லை" என்று கார்டுக்காரர் வங்கியில் புகார் செய்ய, பல காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. அப்போது உங்கள் வங்கி சீட்டையும் பில்லையும் கேட்கும். குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் பணம் கணக்கிலிருந்து கழியும். ஆறு மாதம் வையுங்கள். அந்தத் தாள் வெப்பத்தில் எழுத்து மங்கிவிடும், தஞ்சாவூர் வெயிலில் சீக்கிரமே. அதனால் செட்டில்மெண்ட் போட்ட கையோடு அன்றைய சீட்டுகளைத் துணி பில்லோடு சேர்த்துப் படமெடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் போட்டுவிடட்டும்.